பெரிய கார்புரேட்டரும் சின்ன ஜெட்டும்: இரண்டும் ஒரே அறியாமைதான்

கொஞ்சம் நீளமான பதிவு. டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கும் தம்பிகளும், பிள்ளைக்கு அப்படி ஒரு வண்டியை வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோரும், எக்ஸ்.எல். வண்டியில் பால் கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றிப் பிழைக்கும் சகோதரர்களும் பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

நம் திருவண்ணாமலையில் இப்போது இரண்டு வியாபாரம் சக்கைப்போடு போடுகிறது.

முதலாவது, ஆர்.எக்ஸ்.100 வியாபாரம். 1985-ல் இந்தியாவுக்கு வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன யமஹா வண்டி அது. 98 சி.சி., 11 குதிரைசக்தி. அந்த வண்டி நின்றுபோன பிறகு பிறந்த பிள்ளைகள் அதைத் தேடிப் பிடித்து வாங்கி, முதல் வேலையாக அதன் கார்புரேட்டரைக் கழற்றி எறிகிறார்கள். 24, 26, 28 என்று பெரிய வாய் உள்ள கார்புரேட்டரைப் பொருத்துகிறார்கள். கூடவே சைலன்ஸரின் உள்குழாயை உருவிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் 'அப்கிரேடு'.

இரண்டாவது, மைலேஜ் வியாபாரம். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டிகளில் மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றுவது. இல்லையென்றால் இருக்கிற ஜெட்டின் துளைக்குள் செம்புக் கம்பி இழை ஒன்றைச் செருகிவிடுவது. 'லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் கூடக் கொடுக்கும் அண்ணே' என்று சொல்லி அனுப்புவது.

ஒருவனுக்கு வேகம் விற்கிறார்கள், இன்னொருவனுக்குச் சிக்கனம் விற்கிறார்கள். இருவருமே கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: சீஸ் ஆன பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு ரீபோர் கடை வாசலில்.

இதைத்தான் நான் எதிர்க்கிறேன். கார்புரேட்டரை மாற்றுவதையே எதிர்க்கவில்லை. ஜெட்டிங் செய்யாமல் மாற்றுவதை எதிர்க்கிறேன். அளந்து பார்க்காமல் ஜெட்டில் கை வைப்பதை எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் பாடமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் என்பது பம்பு கிடையாது. அது பெட்ரோலைத் தள்ளுவதில்லை. இன்ஜின் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று குறுகலான வழியில் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே ஏற்றுகிறது. 1738-ல் பெர்னோலி எழுதி வைத்தது இதைத்தான். பதினோராம் வகுப்பில் நம் பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவதும் இதைத்தான். பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்து வண்டியை உதைக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

இப்போது கணக்கு போடுவோம். 20 மில்லிமீட்டர் வாய் இருந்த இடத்தில் 28 மில்லிமீட்டர் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 1.4 மடங்கு. பரப்பளவு விட்டத்தின் வர்க்கம், ஆகவே 1.96 மடங்கு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்ஜின் அதே 98 சி.சி.தான், அதே அளவு காற்றைத்தான் இழுக்கிறது. வழி இரண்டு மடங்கு அகலமானால் காற்றின் வேகம் பாதியாகும். உறிஞ்சும் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது கால் பங்காகக் குறையும்.

அதாவது, மெதுவாகப் போகும்போது பெட்ரோலைத் தூக்கும் சக்தியில் முக்கால் பங்கை நாமே காசு கொடுத்துத் தொலைக்கிறோம். 'சார், கீழ இழுவையே இல்ல, மேல போனா மட்டும் பறக்குது' என்று தம்பிகள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். அது பெருமை இல்லை தம்பி, நோய்.

பெரிய கார்புரேட்டரால் பயனே இல்லையா? உண்டு. இன்ஜினின் போர்ட், ரீட் வால்வு, சைலன்ஸர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, அதிக சுற்றில் அதிகக் காற்று இழுக்கும்படி செய்திருந்தால் பெரிய வாய் தேவைப்படும். அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்ற யமஹா பான்ஷீ என்று ஒரு நாலு சக்கர மணல்வண்டி உண்டு. 350 சி.சி. வகை, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். நம் பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்களில் பாதி அந்த மாதிரி வண்டிகளைப் பற்றியவை. அந்த வீடியோவில் ஒருவன் பெரிய கார்புரேட்டரை மாட்டுவதை ரசித்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு டப்பா நிறைய ஜெட் வைத்துக்கொண்டு, ஓட்டுவதும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் ஜெட்டை மாற்றுவதுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பகுதியை மட்டும் தள்ளிவிட்டுப் பார்க்கிறார்கள். உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

ஜெட்டிங் என்றால் என்ன? ஆக்சிலேட்டர் முறுக்கும் அளவைப் பொறுத்து பெட்ரோல் வரும் வழி மாறுகிறது. ஐட்லிங்கில் இருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. கால் பங்கில் இருந்து முக்கால் பங்கு வரை ஊசியும் அதன் கிளிப் இருக்கும் பள்ளமும். முக்காலுக்கு மேல், முழுசாக முறுக்கும்போது, மெயின் ஜெட். ஒன்றோடு ஒன்று கொஞ்சம் மேலேறிப் படியும், ஆனால் பொறுப்பு இப்படித்தான் பிரிகிறது. நாலு இடத்தையும் தனித்தனியாகச் சரிபார்ப்பதுதான் ஜெட்டிங். கடையில் டப்பாவில் வரும் கார்புரேட்டரில் இருக்கும் ஜெட் யாருக்காகவோ, எந்த இன்ஜினுக்காகவோ போட்டது. ஒரு கம்பெனி ஜெட்டில் உள்ள எண்ணும் இன்னொரு கம்பெனி ஜெட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே அளவு பெட்ரோல் வரும் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஜெட் பெரிதானால் என்ன ஆகும்? கறுப்புப் புகை, பிளக் நனைதல், பெட்ரோல் வீண். நஷ்டம்தான், ஆனால் வண்டி தப்பிக்கும். ஜெட் சின்னதானால்? அங்கேதான் ஆபத்து.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலுக்கு மூன்று வேலை. எரிவது ஒன்று. ஆவியாகும்போது உள்ளே குளிர வைப்பது இரண்டு. மூன்றாவது, எண்ணெயைச் சுமந்துகொண்டு போவது. எக்ஸ்.எல். போன்ற வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்கிறோம். ஆகவே ஜெட்டைக் குறைத்தால் பெட்ரோல் மட்டும் குறையவில்லை, ஆயிலும் அதே விகிதத்தில் குறைகிறது. ஆர்.எக்ஸ்.100-ல் ஆயிலுக்குத் தனி பம்பு உண்டு என்பதால் அந்த ஒரு ஆபத்து மட்டும் குறைவு. அதையும் பலர் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறுகிறது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்தான். பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்துவிட்டால் அதுதான் சீஸ். கியர் வண்டியில் அப்போது பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒரு நொடிக்குள் கிளட்சைப் பிடிக்கத் தெரிந்தவன் பிழைப்பான்.

இன்னொன்று கேளுங்கள். பெட்ரோல் குறைந்த டூ ஸ்ட்ரோக், சீஸ் ஆவதற்குச் சற்று முன்புதான் மிக நன்றாக ஓடுவது போலத் தோன்றும். புகை இருக்காது, சத்தம் கணீரென்று இருக்கும், பிக்கப் கூடியது போல இருக்கும். 'சூப்பரா இருக்குண்ணே' என்று மெக்கானிக்குக்கு போன் போட்டுச் சொல்லும்போதே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கிறது.

இனி மைலேஜ் வியாபாரம். இதுதான் எனக்கு அதிகக் கோபம் தருவது, ஏனென்றால் இதில் அடிபடுகிறவன் ஏழை. மெயின் ஜெட் வேலை செய்வது முழு ஆக்சிலேட்டரில் என்று சொன்னேன். சமதளத்தில் அரை ஆக்சிலேட்டரில் போகிறவனுக்கு மெயின் ஜெட்டைக் குறைத்ததால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் பெட்ரோலைத் தீர்மானிப்பது ஊசி. ஆனால் அவன் இரண்டு பால் கேனோடு போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் ஏறும்போது முழுசாக முறுக்குகிறான். இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோலும் அதிக ஆயிலும் தேவைப்படும் அந்த நிமிடத்தில், அந்தச் செம்புக் கம்பி அவன் கழுத்தைப் பிடிக்கிறது. மிச்சம் இல்லாத இடத்தில் ஆசை காட்டி, தேவை இருக்கிற இடத்தில் அடைக்கிற வேலை இது.

எனக்குத் தெரிந்த பால்காரர் ஒருவர், ஒரே வருஷத்தில் இரண்டு முறை பிஸ்டன் மாற்றினார். இரண்டு முறையும் 'ஆயில் சரியில்ல' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்த ஒரு பெரியவர்தான் உள்ளே இருந்த கம்பி இழையை உருவிக் காட்டினார். வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் அவருக்குப் பால் ஊற்றும் வீடுகள் கைமாறிப் போயின. மிச்சம் பிடித்த பெட்ரோல் எத்தனை லிட்டர் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இதோடு இப்போது எத்தனாலும் சேர்ந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைக்கிறது. கொள்கை சரியா தவறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வேதியியலை மட்டும் சொல்கிறேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய 8 அல்லது 9 சதவீதம் அதிக எரிபொருள் உள்ளே போக வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 வந்த பிறகு விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அதில் சென்சார் இருக்கிறது, தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. 1990-ல் போட்ட ஜெட் இன்றும் அதே துளையில்தான் விடும். ஆகவே ஒன்றுமே தொடாத பழைய டூ ஸ்ட்ரோக்கூட இன்று கொஞ்சம் பெட்ரோல் குறைந்தபடிதான் ஓடுகிறது. அதில் போய் 1.00 மில்லிமீட்டர் துளையை 0.90 ஆக்கினால் என்ன ஆகும்? பரப்பளவு 0.81 ஆகும், அதாவது 19 சதவீதம் குறைவு. எத்தனாலுக்கு வேண்டிய கூடுதலையும் சேர்த்தால், இன்ஜின் கேட்பதில் முக்கால் பங்குகூட முழுசாகப் போகவில்லை. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். 40 டிகிரி அக்னி நட்சத்திர மதியத்தில் இருக்கும் காற்றைவிட 20 டிகிரி மார்கழி விடியற்காலைக் காற்று சுமார் 7 சதவீதம் அடர்த்தி கூடியது. மதியத்தில் சரியாக இருந்த ஜெட், விடியற்காலையில் போதாமல் போகும். மலை மேல் காற்று மெலிவு. அங்கே சரிபார்த்து வைத்த ஜெட் கீழே இறங்கினால் போதாது. இதனால்தான் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். வேகம் வேண்டும் என்கிற தம்பிகள் அங்கே போய்க் கற்றுக்கொள்ளட்டும். அது வித்தை, மரியாதையான வித்தை.

சைலன்ஸரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்ஸர் சத்தத்தை அடக்க மட்டும் வைத்ததில்லை, அது இன்ஜினின் ஒரு பாகம். சிலிண்டரில் இருந்து தப்பி வெளியே ஓடும் புதுக் கலவையை, குழாயின் வடிவத்தில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை மறுபடி உள்ளே தள்ளுகிறது. உள்குழாயை உருவினால் அந்தக் கணக்கு கெடுகிறது. சத்தம் கூடும், சக்தி கூடாது. ஊரை எழுப்பும் சத்தத்தை வேகம் என்று நம்புவது, சங்கு ஊதினால் வயிறு நிறையும் என்று நம்புவது போல.

இது தனிப்பட்ட விருப்பம் என்றும் சொல்ல முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி மட்டுமல்ல, தினமும் விடியற்காலை மூன்று மணி நான்கு மணிக்குப் பெரியவர்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். எமலிங்கம் தாண்டி ஒரு வளைவில், பின்சக்கரம் பூட்டிய வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? சட்டமும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. போலீஸ்காரர் பார்க்காத இடத்திலும் பிஸ்டன் சீஸ் ஆகும்.

'அப்போ மெக்கானிக் எல்லாம் மோசம்னு சொல்றீங்களா சார்?' என்று கேட்பீர்கள். இல்லை. பிளக்கின் நிறத்தைப் பார்த்தே ஜெட் எண்ணைச் சொல்லும் மேஸ்திரிகள் நம் ஊரில் இருந்தார்கள், இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த வேலைக்கு நாம் கூலி கொடுக்கிறோமா? கார்புரேட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம். இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்து ஜெட் மாற்றியதற்கு 300 ரூபாய் கேட்டால், 'ஒரு ஸ்க்ரூ திருப்பினதுக்கா?' என்போம். பொருளுக்கு விலை கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். அப்படிப்பட்ட ஊரில் அறிவு எப்படி மிஞ்சும்? பையன்கள் பொருளைத்தான் விற்கக் கற்றுக்கொள்வார்கள்.

'இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாம் எலெக்ட்ரிக் ஆயிடும், எதுக்கு இவ்வளவு பேச்சு?' என்றும் ஒருவர் கேட்டார். ஆகட்டும், நல்லதுதான். ஆனால் நாளைக் காலை பால் ஊற்றப் போகிறவரிடம் இருப்பது இன்றைய வண்டி. அவருக்கு இன்றைய பதில் வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை சின்னது, செலவில்லாதது.

1. கார்புரேட்டரில் கை வைக்கும் எந்தக் கடையும் பில்லில் நாலு விஷயம் எழுதித் தர வேண்டும்: பழைய மெயின் ஜெட் எண், புதிய மெயின் ஜெட் எண், பைலட் ஜெட் எண், ஊசியின் கிளிப் எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது. எழுதித் தராத கடையில் வண்டியை விடாதீர்கள்.

2. ஜெட்டை எப்போதும் பெரிதில் தொடங்கிக் குறைத்து வர வேண்டும். சின்னதில் தொடங்கிக் கூட்டக் கூடாது. புதுப் பிளக் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வேலை தெரிந்தவர் ஓட்டி, இன்ஜினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து நிறுத்திப் பார்க்கட்டும். வெள்ளையாக இருந்தால் ஆபத்து, கரி படிந்தால் அதிகம், காப்பிப் பொடி நிறம் சரி.

3. ஜெட்டைத் தொடும் முன் ஏர் ஃபில்டர், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர், கிராங்க் ஆயில் சீல் மூன்றையும் பாருங்கள். அங்கே காற்று கசிந்தால் எந்த ஜெட்டும் சரிசெய்யாது.

4. ஜெட் அடைத்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகும், எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். கார்புரேட்டர் கிளீனர் ஊற்றிக் காற்றால் ஊதுங்கள்.

5. மைலேஜ் வேண்டுமா? டயர் காற்று, பிரேக் உரசல், செயின் தொய்வு, சுத்தமான ஃபில்டர். இந்த நாலையும் பார்த்த பிறகு பேசுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெர்னோலி தத்துவத்தை நடத்தும் அன்று ஒரு பழைய கார்புரேட்டரை மேசைமேல் வையுங்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். ஸ்லைடைத் தூக்கிக் காட்டுங்கள், ஊசியைக் கையில் கொடுங்கள், ஜெட்டின் எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளில் பத்துப் பேர் நாளை வண்டி ஓட்டுவார்கள், இரண்டு பேர் மெக்கானிக் ஆவார்கள். அவர்களுக்கு அந்த ஐந்து மதிப்பெண் உயிர் காக்கும்.

மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம். ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் மெயின் ஜெட் எண் என்ன என்று முதல் வரியில் எழுதிவிட்டுப் பேசுங்கள். அது தெரியாதென்றால், முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.